ஸ்கேலைக் கீழே வை

திருப்புதல் தேர்வு முடிந்து பத்தாம் வகுப்புத் தாள்கட்டு வீட்டுக்கு வந்திருந்தது. கணக்குத் தாள் திருத்தும்போது கடைசியில் கட்டியிருக்கும் கிராஃப் தாள்களை முதலில் பார்த்து முடித்துவிடுவது என் பழக்கம். மூளைக்கு வேலை குறைவு, சீக்கிரம் முடியும். ஒய் = எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் − 2 வரைபடத்தை வரைந்து, அதைக் கொண்டு மூலங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மதிப்பெண். பத்தாவது படித்த எல்லாருக்கும் பழக்கமான கேள்விதான்.

பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரர் ஒரு தாளை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது என்ன, இண்டக்‌ஷன் அடுப்புக்குன்னு வாங்கின வாணலி மாதிரி அடி தட்டையா இருக்கு?"

சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினேன். அதுவும் இண்டக்‌ஷன் வாணலி. அதற்கடுத்ததும். கட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன நடந்திருக்கிறது என்றால், எக்ஸ் −1 என்று போட்டால் ஒய் −2 வரும். எக்ஸ் 0 என்று போட்டாலும் அதே −2. இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளை என்ன செய்யும்? ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுக்கும். மற்ற இடங்களில் கையால் அழகாக வளைத்தவர்கள்கூட அந்த ஒரு சென்டிமீட்டரில் மட்டும் ஸ்கேலை எடுத்திருந்தார்கள். உண்மையில் அந்த இடத்தில் வளைவு இன்னும் கொஞ்சம் இறங்கி, மைனஸ் அரையில் −2.25 வரை போய்த்தான் திரும்புகிறது. அட்டவணையில் மைனஸ் அரை கிடையாது. அதனால் தாளிலும் கிடையாது.

அட்டவணை சரி, அளவுத்திட்டம் எழுதியிருக்கிறது, மூலங்கள் −2, 1 என்பதும் சரி. ஆகவே இத்தனை வருஷமாக இந்த வாணலிகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டு வந்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்பில் நாங்கள் பரவளையம் சொல்லிக்கொடுப்பதில்லை, எட்டு மதிப்பெண் சொல்லிக்கொடுக்கிறோம். "ஜியாமெட்ரியும் கிராஃபும் பிடிச்சுட்டா பதினாறு. பாஸுக்குப் பாதி தூரம் வந்தாச்சு" என்று மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு, இரண்டு புள்ளிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளை யோசிக்கும்?

அதனால் எட்டாம் வகுப்புக்குப் போனேன். அவர்கள் பாடத்தில் நேர்கோட்டு வரைபடத்தோடு சரி, பரவளையம் இல்லை. மதிப்பெண் இல்லாததால் பயமும் இல்லை. ஒரு ஆசிரியர் விடுப்பில் இருந்த பீரியடுகள் நாலைந்து கைக்குக் கிடைத்தன. "டீச்சர், பி.இ.டி. பீரியட்" என்ற முனகலைக் காதில் வாங்காமல் கிராஃப் நோட்டை எடுக்கச் சொன்னேன்.

எக்ஸ் ஸ்கொயர், அவ்வளவுதான். மைனஸ் 3 முதல் 3 வரை அட்டவணை போட்டுப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். வலது பக்கம் எல்லாருக்கும் மேலே ஏறியது. இடது பக்கம் பாதிப் பேருக்குப் பாதாளத்துக்கு இறங்கியது. மைனஸ் ரெண்டு ஸ்கொயர், மைனஸ் நாலாம். எதிர்பார்த்ததுதான். கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் இந்த இடத்தில் "மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்" என்று ஒரு அதட்டுப் போடுவோம், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் அதே மைனஸ் நாலு வந்து நிற்கும். (அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அடைப்புக்குறி போடாமல் −2² என்று எழுதினால் அது −4தான். நாம் வாயால் சொல்லும்போது அடைப்புக்குறி எங்கே கேட்கிறது?)

இந்த முறை அதட்டவில்லை. வலது பக்கத்திலிருந்து இறங்கி வரச் சொன்னேன். 9, 4, 1, 0. "ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இறங்குறோம்?" அஞ்சு, மூணு, ஒண்ணு. "அடுத்த படியில?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முன் பெஞ்சில் ஒருத்தி விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு ரெண்டா குறையுது டீச்சர். அஞ்சு, மூணு, ஒண்ணு... அப்புறம் மைனஸ் ஒண்ணு."

"மைனஸ் ஒண்ணு இறங்குறதுன்னா?"

"ஏறுறது!" என்றது பின் பெஞ்சு.

பூஜ்யத்திலிருந்து 1 ஏறினால் 1, அடுத்து 3 ஏறினால் 4, அடுத்து 5 ஏறினால் 9. இடது பக்கம் தானாக எழுந்து நின்றுவிட்டது. யாரும் விதியை மனப்பாடம் செய்யவில்லை. பாதாளத்துக்குப் போனவர்கள் தாங்களாகவே ரப்பரைத் தேடினார்கள். அன்றைக்கு அட்டவணையும் தேவையில்லாமல் போனது. அடிமுனையில் பென்சிலை வை, ஒரு கட்டம் பக்கவாட்டில் போய் ஒரு கட்டம் ஏறு, மறுபடி ஒரு கட்டம் போய் மூன்று ஏறு, அப்புறம் ஐந்து ஏறு. இந்தப் பக்கம் போலவே அந்தப் பக்கமும். வகுப்பில் இதற்கு "ஒத்தைப்படைப் படிக்கட்டு" என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தது நான் இல்லை.

புள்ளி வைத்தாயிற்று. இணைக்கச் சொன்னதும் நாற்பது ஸ்கேல் மேசைமேல் விழுந்த சத்தம் கேட்டது.

ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண் மட்டும் ஸ்கேலை எடுக்கவில்லை. மணிக்கட்டைத் தாளில் ஊன்றி, மூன்று புள்ளியைக் கண்ணால் ஒரு தடவை அளந்துவிட்டு, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. அடியில் குழைவாகத் திரும்பி மேலே போயிற்று. "யாரு சொல்லிக்குடுத்தா?" என்றேன். "கோலம் போடுற மாதிரிதானே டீச்சர்" என்றாள், இதைப் போய்க் கேட்கிறாளே என்ற முகத்தோடு. வீட்டில் மார்கழி வாசல் இவள் பொறுப்பாம். சுழிக்கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைத்துப் போகிற கைக்கு, புள்ளி வழியாக வளைத்துப் போவது பெரிய விஷயமில்லை.

அவளைப் பாராட்டிவிட்டு விட்டிருந்தால் மற்றவர்கள் அவளைப் போல வளைத்திருப்பார்கள், ஏன் வளைக்கிறோம் என்று தெரிந்திருக்காது. ஆகவே ஒரு கேள்வி கேட்டேன். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில், அரையில், வளைவு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? ஸ்கேல்காரர்கள் தங்கள் கோட்டைப் பார்த்து "அரை" என்றார்கள். அரையை அரையால் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். கால். ஸ்கொயர் செய்தால் எண் பெரிதாகும் என்று நம்பியிருந்த ஒரு பையனுக்கு இது மனத்தாங்கலாகவே போய்விட்டது, இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தான்.

கோலக்காரி அதற்குள் அரையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "ஊடுபுள்ளி" என்றாள். கோலம் போடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று கோலப் புத்தகத்தில் போட்டிருந்தால், அடுத்த வரிசையின் புள்ளிகளை முந்தின வரிசையின் இரண்டிரண்டு புள்ளிக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று அர்த்தம். பாடப்புத்தகத்தில் இந்த வேலைக்கு இவ்வளவு நல்ல சொல் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஊடுபுள்ளிதான்.

ஊடுபுள்ளி வைக்க வைக்க ஒரு விஷயம் வெளியே வந்தது. நானும் அதுவரை நின்று கவனித்ததில்லை. ஒன்றரை ஸ்கொயர் 2.25, ஸ்கேல் காட்டுவது 2.5. இரண்டரை ஸ்கொயர் 6.25, ஸ்கேல் காட்டுவது 6.5. எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் ஸ்கேல் சரியாகக் கால் அளவு மேலே நிற்கிறது. அடியிலும் கால், செங்குத்தாக ஏறும் இடத்திலும் கால். மேலே போனால் கோடு நிமிர்ந்துவிடுவதால் அந்தக் கால் கண்ணில் படுவதில்லை. அடியில் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. "அப்ப ஸ்கேல் எல்லா இடத்துலயும் கால் ரூபா ஏமாத்துது" என்றான் பெருக்கிப் பார்த்த பையன்.

நடுவில் ஒரு சண்டை. ஒருவன் ஒய் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு அலகு எடுத்திருந்தான், பக்கத்தில் இருந்தவன் ஒரு அலகு. இவனுடையது குண்டு, அவனுடையது ஒல்லி, எது சரி? இரண்டும் சரி என்றேன், திருப்தி இல்லை. எந்த இரண்டு பரவளையத்தை எடுத்தாலும் ஒன்றை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கினால் மற்றது கிடைத்துவிடும். எல்லா வட்டமும் ஒரே வடிவம் என்பது போலத்தான். ஒல்லி என்று நமக்குத் தோன்றுவது, தூரத்திலிருந்து பார்க்கிற குண்டு. ஃபோனில் படம் எடுத்து ஒல்லியின் அடிப்பகுதியை விரலால் விரித்துக் காட்டியதும் சண்டை ஓய்ந்தது.

மூன்றாவது பீரியடில் என் வாய் என்னை மாட்டிவிட்டது. பரவளையம் எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். எறிந்த பந்து, குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கலிலியோ பற்றிச் சொன்னேன்: 1638இல் வந்த புத்தகத்தில், விழுகிற பொருள் சமமான நேரத் துண்டுகளில் கடக்கிற தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் போகும் என்று காட்டியிருக்கிறார். நம் படிக்கட்டேதான். பந்து பக்கவாட்டில் ஒரே சீராகப் போய்க்கொண்டே இப்படி விழுவதால்தான் அதன் பாதை பரவளையமாகிறது. ஒருவன் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கம்பத்துக்கு நடுவில் தொங்கிய மின்கம்பியைக் காட்டி, "அதுவும்தானே டீச்சர்?" என்றான். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

தப்பு. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. தன் எடையில் தானே தொங்கும் கம்பியோ சங்கிலியோ பரவளையம் இல்லை, அதற்கு வேறு வளைவு. ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூன்று பேரும் 1691இல் விடை சொன்ன பழைய புதிர் அது. விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பியில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் தப்பு தப்புதானே?

மறுநாள் "நேத்து டீச்சர் தப்பா சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்த கவனம் என் இருபது வருஷ சர்வீஸில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. சோதித்துப் பார்க்கச் சங்கிலி வேண்டும். ஒருத்தி கழுத்தில் கை வைத்தாள், வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டு, ஒருவன் வீட்டிலிருந்து நாய்ச் சங்கிலி கொண்டுவரச் செய்தேன். சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, இரண்டு ஆணியில் சங்கிலியை ஆழமாகத் தொங்கவிட்டோம். அகலம் 29 சென்டிமீட்டர், ஆழம் 20. அடியிலிருந்து ஒரு பக்கத்தை நான்கு சமமான பங்காகப் பிரித்து ஏற்றத்தை அளந்தோம். ஒத்தைப்படைப் படிக்கட்டாக இருந்தால் அந்த 20 சென்டிமீட்டர் 1.25, 3.75, 6.25, 8.75 என்று பிரிய வேண்டும். சங்கிலியோ முதல் படியில் 1 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை, கடைசிப் படியில் 10ஐத் தாண்டிவிட்டது. அடியில் சோம்பலாகக் கிடந்து ஓரத்தில் விறுவிறுவென்று ஏறுகிற வளைவு. இரண்டு நாள் முன்பு வரைக்கும் பரவளையம் என்ற சொல்லே தெரியாத பிள்ளைகள் "இது ஒத்தைப்படை இல்ல, இது வேற" என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் சரியாகவே சொல்லியிருந்தால் இந்த வகுப்பு நடந்திருக்காது.

கடைசி பீரியடில் எண்ணே இல்லை, வெறும் காகிதம். ஒரு தாளின் கீழ் விளிம்புக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே நடுவில் ஒரு புள்ளி. கீழ் விளிம்பைத் தூக்கி அந்தப் புள்ளியைத் தொடும்படி மடித்து, அழுத்தி, விரித்துவிட வேண்டும். விளிம்பின் வேறொரு இடத்தைப் புள்ளியில் வைத்து மறுபடி மடிப்பு. இருபது மடிப்பு தாண்டியதும் மடிப்புக் கோடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பரவளையம் எழுந்து வரும். ஒவ்வொரு மடிப்பும் நேர்கோடுதான், சேர்ந்து நிற்பது வளைவு. அந்தப் புள்ளிதான் குவியம், கீழ் விளிம்பு இயக்குவரை. பன்னிரண்டாம் வகுப்பில் சூத்திரமாக வந்து மிரட்டப் போகிற சொற்கள். இப்போதே காதில் விழட்டும் என்று சொல்லிவைத்தேன்.

வளைவின் அச்சுக்கு இணையாக வருகிற எதுவும் பட்டுத் திரும்பிக் குவியத்துக்கு வந்து சேரும் என்றதும் டிஷ் ஆன்டெனா வந்துவிட்டது. "எங்க வீட்டு டிஷ்ல அந்த டப்பா நடுவுல இல்லையே டீச்சர், கீழதானே நீட்டிக்கிட்டிருக்கு?" நல்ல கேள்வி. வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் முழுப் பரவளையக் கிண்ணத்திலிருந்து ஓரமாக வெட்டியெடுத்த துண்டு. குவியம் முழுக் கிண்ணத்துக்கு நடுவில்தான் இருக்கிறது, துண்டுக்கு மட்டும் கீழே தெரிகிறது. டப்பாவின் நிழல் தட்டில் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் சொல்லாமல் விட மனசில்லை. முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் வேலைக்கு வந்தது. அது கிண்ணமே இல்லை, நீளமான தொட்டி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் பரவளையம். அந்த வடிவில் வளைத்த 24 சட்டங்களின்மேல் எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஊட்டி ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதே சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டியதால், தொட்டியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிற்கிறது. தொட்டியை அந்த அச்சில் உருட்டினாலே போதும், வானத்தில் நகரும் பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். டூர் போகலாமா என்று கேட்டார்கள். ஹெட்மாஸ்டரைக் கேளுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு பத்தாம் வகுப்புக்குத் திரும்பினேன், திருத்திய தாள்களோடு. யாருக்கும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, அவ்வளவு கல்நெஞ்சு இல்லை. தட்டை அடியில் மட்டும் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். எட்டாம் வகுப்பின் படிக்கட்டைப் பலகையில் வரைந்து காட்டினேன். நன்றாகப் படிக்கும் ஒரு பையன் மடக்கினான்: "இதுல ஒத்தைப்படை வரலையே. −2லேர்ந்து 0க்கு ரெண்டு, 4க்கு நாலு, 10க்கு ஆறு. அடியில பூஜ்யம். 0, 2, 4, 6. ரெட்டைப்படைதானே வருது?"

வரும். ஏனென்றால் நம் புள்ளிகள் அடிமுனையில் நிற்கவில்லை, முனைக்கு இரண்டு பக்கமும் அரை அரைக் கட்டம் தள்ளி நிற்கின்றன. ஊடுபுள்ளி வைக்கச் சொன்னேன். மைனஸ் அரையில் −2.25. ஸ்கேல் கோடு −2. இங்கேயும் அதே கால்தான் வித்தியாசம். பிறகு அந்த முனையிலிருந்து அரையரைக் கட்டமாக ஏறச் சொன்னேன்: −2.25, −2, −1.25, 0. ஏற்றம் எவ்வளவு என்று கேட்டதும் அவனே சொன்னான்: "கால்... முக்கால்... ஒன்றேகால்." சொல்லிவிட்டு நிறுத்தினான். காலை ஒன்றாக வைத்தால் 1, 3, 5. ஒத்தைப்படைப் படிக்கட்டு உள்ளேயேதான் இருந்திருக்கிறது, அளவு சின்னதாக.

வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். கிராஃப் நோட்டை வாங்கி அடி தட்டையாக இருக்கிற படம் ஒன்றைத் தேடுங்கள், கட்டாயம் ஒன்றாவது இருக்கும். திட்டாதீர்கள், மதிப்பெண் பேச்சும் வேண்டாம். ஸ்கேலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு ஊடுபுள்ளி வைக்கச் சொல்லுங்கள்.